பேரீச்சந்தோட்டத்து நீராவி எஞ்சின்

நாங்கள் சார்ஜாவுக்குப் போனது சோபா வாங்க. ரோலா சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் இருந்த கராச்சிக்காரர் ஒருவர், வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்புகிறார், வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று இணையத்தில் பார்த்திருந்தோம். வளைகுடாவில் இது வழக்கம்தான். ஒருவர் கிளம்பினால் அவருடைய கட்டிலும் ஃபிரிட்ஜும் அடுத்து வருகிறவர் வீட்டுக்குக் குடிபோகும்.

சோபா நன்றாகவே இருந்தது. என் கணவர் அதில் உட்கார்ந்தார், எழுந்தார், இன்னொரு மூலையில் உட்கார்ந்து பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கப் போன வழியில் ஒரு சின்ன அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே மேசைமேல் வைக்கிற அளவில், இரும்பைக் கடைகிற ஒரு லேத். அதன் பக்கத்தில், பழைய போர்வை போர்த்திய நீளமான ஏதோ ஒன்று. கேட்காமல் போர்வையைத் தூக்கிவிட்டேன்.

ஒரு ரயில் எஞ்சினின் கீழ்ப்பாதி. இரும்புச் சட்டம், ஆறு சக்கரங்கள், இரண்டு பக்கமும் சிலிண்டர்கள், சக்கரங்களை இணைக்கும் பளபளப்பான தண்டுகள். எல்லாம் நிஜ எஞ்சினில் இருப்பதுபோலவே, ஆனால் நான் குனிந்து இரு கைகளாலும் கட்டிக்கொள்ளும் அளவில். ஒரு சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன். ஆறும் சேர்ந்து திரும்பின. உள்ளே பிஸ்டன் நகர்ந்து காற்றைத் தள்ளும் சத்தம் 'உஸ்' என்று கேட்டது. அந்தச் சத்தத்தோடு என் கதை முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார். "பெஹன்ஜி, இதெல்லாம் நானே செய்தேன். பாய்லர் மட்டும் என்னால் ஆகவில்லை," என்று உருதுவில் சொன்னார். சவூதியில், யான்பு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்த காலத்தில் தொடங்கியதாம். சார்ஜாவுக்கு மாறியபோது கூடவே தூக்கி வந்திருக்கிறார். பாய்லருக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. செம்புத் தகட்டை வளைத்து, வெள்ளிக் கலவையை இணைப்பில் உருக்கி ஓடவிட்டு ஒட்ட வேண்டும். ஃபிளாட்டில் அவ்வளவு பெரிய நெருப்பை மூட்ட முடியாது.

நான் கணவரிடம் போய், "ஏனுங்க, சோபா வேண்டாமுங்க," என்றேன்.

அவர் எழுந்து வந்து பார்த்தார். அவரும் ஒரு சக்கரத்தைத் திருப்பினார். பிறகு, "ஏட்டி, சோபா வாங்க வந்துட்டு ரயிலயில்லா வாங்கிட்டுப் போறோம்," என்றார். திருநெல்வேலிக்காரர். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்குச் சட்டென்று பிடிபடாது. அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். லேத்தின் கனமான முனையை அவரே தூக்கினார்.

எங்கள் வீடு ராஸ் அல் கைமாவில். நான் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் பராமரிப்பு எஞ்சினியர். தரைக்கு ஒட்டும் டைல்ஸைச் சுடுகிற நீளமான சூளைகளைப் பார்த்துக்கொள்வது என் டூட்டி. கணவர் ஒரு சரக்குக் கிடங்கில் மேலாளர். மகள் கோயம்புத்தூரில், என் தங்கை வீட்டில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். வாடகைக்கு எடுத்திருந்தது பழைய வில்லா. காம்பவுண்டுக்குள் கார் நிறுத்த ஒரு ஷெட் உண்டு. கார் வெளியே போயிற்று, லேத் உள்ளே வந்தது.

வீடியோ காலில் எஞ்சினைக் காட்டியபோது மகள், "அம்மா, ஆர் யூ சீரியஸ்? டாய் டிரெயினா?" என்றாள்.

பொம்மை இல்லை என்று அவளுக்கு விளக்குவது கஷ்டமாக இருந்தது. இந்த எஞ்சினுக்குள் நிஜமாகவே நெருப்பு எரியும். தண்ணீர் கொதிக்கும். அந்த நீராவி பிஸ்டனைத் தள்ளும். ஐந்து அங்குல இடைவெளியில் போட்ட தண்டவாளத்தில் ஓடும். பின்னால் கோத்த தட்டையான வண்டியில் மனிதர்கள் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து போகலாம். இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அவள், "அப்பா ஓகே சொல்லிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா ஓகேதான். கேஸ் சிலிண்டர் வருகிற வரைக்கும்.

செம்பு விசித்திரமான உலோகம். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் தோல்போல இளகிவிடும். இரும்பு அச்சின்மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டினால் விளிம்பு அழகாக மடியும். ஆனால் தட்டத் தட்ட இறுகும். மறுபடி காய்ச்ச வேண்டும், மறுபடி தட்ட வேண்டும். அந்தக் குளிர்கால ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் முழுக்க அந்த டங் டங் சத்தம்தான். பக்கத்து வில்லாவின் மலையாளி அம்மா ஒருநாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, பாத்திரக் கடை வைக்கப் போகிறீர்களா என்று கேட்டார்.

தட்டியதை எல்லாம் ஒன்றாக ஒட்டுவதுதான் பெரிய வேலை. செம்பு சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மூலையில் காட்டுகிற நெருப்பு மறு மூலைக்கு ஓடிப்போகும். சாதாரண கேஸ் டார்ச் போதாது. மொட்டைமாடியில் தார் ஷீட் ஒட்டுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்தப் பெரிய கேஸ் டார்ச்சை வாங்கினேன். பற்றவைத்ததும் 'பூம்' என்று ஒரு முழ நீளத்துக்கு நாக்கு நீட்டியது. கணவர் கேட் வரைக்கும் போய் நின்றுகொண்டார்.

"ஏங்க, அங்க நின்னுட்டு என்னத்தப் பாக்கறீங்க?"

"ஆம்புலன்ஸ் வந்தா வழி காட்டணும்லா, அதுக்கு நிக்கேன்."

முதல் பாய்லரை அந்த ஒரே டார்ச்சோடு தனியாகச் செய்து முடித்தேன். வெளியே பார்க்க லட்சணமாக இருந்தது. எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப்போட்டு எடுத்தபோது ரோஜா நிறத்தில் மின்னியது. அலுவலகத் தோழிகளுக்கெல்லாம் படம் அனுப்பினேன். பிறகு சோதனை. பாய்லரை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. நீராவி இல்லாததால் ஆபத்தில்லை, ஓட்டை இருந்தால் தண்ணீர் கசியும், அவ்வளவுதான்.

கசிந்தது. ஒரு இடத்தில் அல்ல. கரி எரிகிற நெருப்புப் பெட்டியைச் சுற்றி உள்ளே போன இணைப்பு முழுக்க, வியர்வைபோல முத்துமுத்தாக. அழுத்தமானியின் முள் மேலே ஏறவே மறுத்தது. வெள்ளிக் கலவை வெளி விளிம்பில் மட்டும் உருகி நின்றிருக்கிறது, உள்ளே ஓடவே இல்லை. நடுவில் சூடு போய்ச் சேரவில்லை. கை புகாத இடம் என்பதால் திருத்தவும் வழியில்லை.

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. கணவர் ஷெட்டுக்கு வந்து, அந்தப் பாய்லரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க தப்பாப் போச்சு?"

"நடுவுல சூடு பத்தலீங்க. ஒரு பக்கம் நான் டார்ச் புடிச்சா மறுபக்கம் ஆறிப் போகுது. ரெண்டு டார்ச் வேணும். ரெண்டு டார்ச்சுக்கு ரெண்டு ஆளு வேணும்."

அவர் அந்தப் பெரிய டார்ச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி," என்றார். "எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லு."

எனக்குத் திருமணமாகி இத்தனை காலத்தில் அவர் எத்தனையோ வாங்கித் தந்திருக்கிறார். அந்த 'எங்க நிக்கணும்' அளவுக்கு எதுவும் என்னைச் சந்தோஷப்படுத்தியதில்லை.

முதல் பாய்லரை வெட்டிப் பழைய செம்பாகப் போட்டுவிட்டேன். மனசு வலித்தது, ஆனால் அறுத்துப் பார்த்ததில் எந்த இடத்தில் கலவை ஓடியது, எங்கே நின்றது என்று தெளிவாகத் தெரிந்தது. அடுத்த குளிர்காலத்துக்குள் புதிதாக எல்லாத் தகடுகளையும் தட்டி முடித்தேன். இந்த முறை என் தொழிலே கை கொடுத்தது. சூட்டை ஓடவிடாமல் பிடித்து வைப்பதுதானே தினமும் நான் தொழிற்சாலையில் செய்கிற வேலை? சூளையைப் பிரித்துக் கட்டியபோது கழித்துப்போட்ட தீக்கற்களையும், சூளைச் சுவரில் போர்த்துகிற, தீப்பிடிக்காத வெள்ளைக் கம்பளித் துண்டுகளையும் மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஷெட்டில் அவற்றை வைத்து ஒரு குட்டிச் சூளையே கட்டினேன். பாய்லர் அதற்குள் தொட்டில் குழந்தைபோலப் படுத்துக்கொண்டது.

பற்றவைத்த அன்று காலை நல்ல குளிர். கணவர் என் தொழிற்சாலைக் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றார். இரண்டு டார்ச்சும் சேர்ந்து உறுமின. செம்பு முதலில் கறுத்தது, பிறகு உள்ளிருந்து மங்கலாகச் சிவந்தது. நான் வெள்ளிக் கலவைக் கம்பியை இணைப்பில் வைத்தேன். வெள்ளி ஒரு கணம் உருண்டையாக நின்றது. பிறகு, யாரோ உள்ளிருந்து உறிஞ்சியதுபோல, இணைப்பு முழுக்கப் பளிச்சென்று ஓடி, மறுபக்கம் ஒரு வெள்ளிக் கோடாக எட்டிப் பார்த்தது.

"ஓடுதுட்டி! இந்தப் பக்கம் வந்துட்டு!" என்று கத்தினார் கணவர். டார்ச்சை இம்மியும் அசைக்கவில்லை.

நாங்களே சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்லிக்கொண்டால் போதாது. மனிதர்கள் பக்கத்தில் உட்காரப் போகிற பாய்லர். துபாயில் கொதிகலன் பரிசோதனை வேலை பார்க்கும் சென்னைக்காரர் ஒருவரை, தெரிந்தவர்கள் மூலம் பிடித்தோம். கப்பலில் சீஃப் எஞ்சினியராக இருந்தவர், எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். விடுமுறை நாளில் வந்தார். வந்ததும் காபி வேண்டாம் என்றார். முகத்தைப் பார்த்தால் நம்பிக்கையோடு வந்தவராகத் தெரியவில்லை.

"வீட்ல செஞ்ச பாய்லர்னா எனக்கு எப்பவுமே டவுட்தான்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கலீங்க சார். நீங்க நல்லாப் பாருங்க."

தான் கொண்டு வந்த அழுத்தமானியை மாட்டினார். ஓடும்போது இருக்கப்போகிற அழுத்தத்தைப்போல இரண்டு மடங்குக்கு ஏற்ற வேண்டும். அவரே பம்பை அடித்தார். முள் ஏறியது. நான் முள்ளைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மடங்கில் நிறுத்தினார். டிஷ்யூ காகிதத்தை எடுத்து ஒவ்வொரு இணைப்பாக ஒற்றி ஒற்றிப் பார்த்தார். டார்ச் லைட்டை நெருப்புப் பெட்டிக்குள் விட்டுத் தலையைத் தரையோடு வைத்துப் பார்த்தார். எழுந்து முள்ளைப் பார்த்தார். அது போட்ட இடத்திலேயே நின்றது.

"நான் இன்னொரு வாட்டி பாத்துடறேன்," என்றார்.

இன்னொரு முறையும் முழுக்கப் பார்த்தார். பிறகு காகிதத்தைக் கசக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். காகிதம் உலர்ந்தே இருந்தது.

"பிரேஸிங் பண்ணது யாரு?"

"நானுங்க. ரெண்டாவது டார்ச் இவர் புடிச்சாரு."

சீஃப் என் கணவரைத் திரும்பிப் பார்த்து, "சார், நீங்க என்ன லைன்?" என்று கேட்டார்.

"வேர்ஹவுஸ்," என்றார் கணவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"இப்ப அந்தக் காபி குடுங்கம்மா," என்றார் சீஃப்.

அடுத்த சில மாதங்களில் பாய்லரைச் சட்டத்தின்மேல் ஏற்றி, குழாய்களை மாட்டி, பச்சை வண்ணம் பூசினேன். முதன்முதலாக நெருப்பு வைத்த நாள் எஞ்சினை ஷெட் வாசலில் கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தியிருந்தோம். சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றலாம். நிலக்கரிக்கு எங்கே போவது? ஷீஷா என்று இங்கே சொல்கிற ஹூக்காவின் கரியைத்தான் போட்டேன். தண்ணீர் மட்டும் முதல்தரமானது. கோடை முழுக்க ஏசி குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரைக் கேன்களில் பிடித்து வைத்திருந்தோம். உப்பே இல்லாத தண்ணீர். பாய்லருக்குள் கறை படியாது.

முள் மெல்ல ஏறியது. நீராவியைத் திறந்துவிடுகிற ரெகுலேட்டரைத் துளி திறந்தேன். முதலில் சிலிண்டர்கள் வெந்நீரைத் துப்பின. பிறகு, சுக்... சுக்... சுக்சுக். ஆறு சக்கரங்களும் சுற்றின. கணவர் தாங்க முடியாமல் விசிலை இழுத்துவிட்டார். தெருவுக்கே கேட்டது.

அந்த விசிலுக்குத்தான் எங்கள் வீட்டு உரிமையாளர் வந்தார். ராஸ் அல் கைமாவிலேயே பிறந்து வளர்ந்த அரபுப் பெண்மணி. பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவில்தான் குடியிருந்தார். கேட்டைத் திறந்துகொண்டு கறுப்பு அங்கியான அபாயாவைத் தூக்கிப் பிடித்தபடி வேகமாக வந்ததைப் பார்த்ததும் கணவர் விசிலை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். வாடகை வீட்டில் நெருப்பு வைத்துக் கொதிகலன் ஓட்டுகிறோம். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் என்ன சொல்வது?

அவர் எஞ்சினைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், "யார் செய்தது?" என்று கேட்டார். கணவர் என்னைக் கைகாட்டினார். அந்த அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! முஹந்திஸா!" என்றார். பெண் எஞ்சினியர் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. முஹந்திஸாதான். "இது எங்கே ஓடும்?" என்று அடுத்துக் கேட்டார்.

"எங்கேயும் ஓடாது மேடம். தண்டவாளம் இல்லை."

"தண்டவாளம் மாஃபி? இல்லையா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஹம்ரானியாவில் தோட்டம் இருக்கிறது. பேரீச்ச மரங்கள். இடம் நிறைய. யல்லா, போட்டுக்கொள்ளுங்கள்."

இப்படித்தான் எங்களுக்கு ஒரு ரயில் பாதை கிடைத்தது.

பாதை போடுவதை என் கணவர் தன் டூட்டியாக எடுத்துக்கொண்டார். அவருடைய கிடங்கில் சரக்கு அடுக்குகிற மரப் பலகைத் தட்டுகள் உடைந்தால் கழிவாகப் போகும். அவற்றை அனுமதியோடு வாங்கி, அறுத்துக் கட்டைகளாக்கி, அவற்றின்மேல் இரும்புப் பட்டைகளைப் பதித்தார்; மிச்சப் பலகைகளில் ஆட்கள் உட்காரும் வண்டிகளையும் செய்தார். கிணற்றடியில் தொடங்கி, மரங்களுக்கு நடுவே வளைந்து, வாதி என்று இங்கே சொல்கிற வறண்ட ஓடையின் கரைமேட்டில் ஏறி, இறங்கித் திரும்பிக் கிணற்றடிக்கே வரும் வட்டம். போட்டு முடித்த கோடையில் ஒரு மதியம் அவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

"ஏட்டி, தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிஞ்சு கெடக்கு."

வெயிலில் இரும்பு நீளும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இந்த ஊர் வெயிலுக்கு, பட்டைகளின் முனைகளுக்கு நடுவே நான் விடச் சொன்ன இடைவெளி போதவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, இடைவெளியைக் கூட்டி, மறுபடி போட்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த முறை போட்டது இன்றுவரை நேராகக் கிடக்கிறது.

நிலக்கரிதான் மீதி. ஷீஷா கரி சீக்கிரம் சாம்பலாகிவிடும். மேடு ஏறும் அளவுக்குச் சூடு தாங்காது. எங்கள் ஊரைச் சுற்றி சிமெண்ட் தொழிற்சாலைகள். அவை எரிப்பதே கப்பலில் வருகிற நிலக்கரியை. ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் மேலாளராக இருந்தவரைப் போய்ப் பார்த்தேன். கண்ணூர்க்காரர். நீங்கள் எந்த கம்பெனி, எத்தனை டன் வேண்டும் என்று கேட்டார். இரண்டு மூட்டை என்றேன். எதற்கு என்று கேட்டார். போனில் எஞ்சினின் படத்தைக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்துவிட்டார்கள். "சேச்சி, இது ஓடும்போ எனக்கு ஒரு வீடியோ வேணம்," என்று சொல்லி, கேட் பாஸ் போட்டு, நல்ல கட்டிகளாகப் பார்த்து அள்ளித் தந்தார்.

முதல் ஓட்டத்துக்கு வீட்டுக்கார அம்மா தன் அக்கா தங்கைகளை, அவர்கள் பிள்ளைகளை எல்லாம் அழைத்துவிட்டார். நான் என் சூளைப் பிரிவு ஆட்களை அழைத்தேன். பெரும்பாலும் ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சீஃப் துபாயிலிருந்து காரில் வந்தார். நாங்கள் தனியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததற்கு இடமே இல்லாமல் தோட்டம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

அன்று காலை கடும் பனிமூட்டம். மலை தெரியவில்லை. பேரீச்ச ஓலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தண்டவாளம் எண்ணெய் தடவியதுபோல ஈரமாக மின்னியது. ஆனால் நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது. நிஜ நிலக்கரியின் கறுப்புப் புகை பனிக்குள் நிமிர்ந்து எழுந்தது.

எஞ்சினுக்குப் பின்னால் முதல் வண்டியில் நான். எனக்குப் பின்னால் வீட்டுக்கார அம்மா, அவர் தங்கைகள். அடுத்த வண்டிகளில் என் சூளை ஆட்கள், நெருக்கிக்கொண்டு. நான் ரெகுலேட்டரைத் திறந்தேன். வண்டி நகர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மரங்களுக்கு நடுவே சீராகப் போனோம். வாதிக் கரைமேடு வந்தது. பாதி ஏறியதும் சக்கரங்கள் வழுக்கின. சுக்சுக் என்ற சத்தம் திடீரென்று படபடவென்று ஆயிற்று. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. ரெகுலேட்டரை மூடினேன். பிரேக்கைப் பிடித்தேன். நின்றுவிட்டோம்.

நீராவி சீறிக்கொண்டிருந்தது.

பாதையோரமாக நடந்து வந்த சீஃப் குனிந்து பார்த்தார். "லோடு ஜாஸ்திமா. பாதிப் பேர இறக்கிடுங்க. ஒண்ணும் தப்பில்ல, இத்தினூண்டு எஞ்சினுக்கு இதுவே பெருசு."

பின்னாலிருந்த என் ஆட்கள் இறங்கக் காலைத் தூக்கினார்கள். "அக்கா, நாங்க எறங்கிக்கிறோம். நீங்க அவுகள ஏத்திட்டுப் போங்க," என்றார் ஒருவர்.

என்னவோ எனக்கு அது பிடிக்கவில்லை. என்றைக்கும் அவர்கள்தான் இறங்க வேண்டும் என்பதாலா, என் எஞ்சின்மேல் இருந்த நம்பிக்கையா, தெரியவில்லை. "யாரும் இறங்க வேண்டாம்," என்றேன். "எஞ்சினுக்கு பலம் இருக்குது. பிடிதான் இல்லை. எல்லோரும் அப்படியே உட்காருங்க."

வண்டியை மெல்லப் பின்னால் உருட்டிச் சமதரைக்குக் கொண்டு வந்தேன். பாய்லரில் தண்ணீரை நிறைய ஏற்றிக்கொண்டேன். ஏறும்போது குளிர்ந்த தண்ணீரை உள்ளே விட்டால் அழுத்தம் இறங்கிவிடும். இப்போதே குடித்துக்கொள்ளட்டும். நெருப்பைக் கிளறி நல்ல கட்டிகளாக அடுக்கினேன். கணவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, மேடு முழுக்கத் தண்டவாளத்தத் தொடைக்கோணும். தொடச்ச எடத்துல, மரத்தடியில மேல் மண்ணத் தள்ளுனா காஞ்ச மண்ணு இருக்குமல்லங்க, அதக் கொஞ்சமாத் தூவோணும். ரொம்பப் போடாதீங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முழங்கால் போட்டுத் துடைத்துக்கொண்டே மேட்டில் ஏறினார். சீஃப் சும்மா நிற்கவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து மறுபக்கத் தண்டவாளத்தைத் துடைக்கத் தொடங்கினார். இருவரும் கோலம் போடுகிறவர்கள்போல மண்ணைத் தூவிக்கொண்டே போனார்கள்.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சேஃப்டி வால்வு 'ஸ்ஸ்' என்று முணுமுணுத்தது. அதுதான் நேரம்.

"யல்லா, முஹந்திஸா," என்றார் என் காதருகே வீட்டுக்கார அம்மா.

ரெகுலேட்டரை மயிரிழை திறந்தேன். சமதரையில் வேகம் பிடித்தது. மேட்டின் அடியைத் தொட்டதும் இன்னும் கொஞ்சம். சுக் சத்தம் கனத்தது. ஒவ்வொரு சுக்குக்கும் புகைபோக்கியிலிருந்து புகை குத்திக்கொண்டு எழுந்தது. வழுக்கிய இடம் வந்தது. ஒரு தடவை சக்கரம் அரைச் சுற்று நழுவியது. என் கை தானாகவே ரெகுலேட்டரைத் தளர்த்தியது. மண்ணைக் கடித்துப் பிடித்துக்கொண்டது. சுக்... சுக்... சுக்... நிற்பதுபோல மெதுவாக. ஆனால் நிற்கவில்லை. பின்னாலிருந்து என் ஆட்கள் ஒவ்வொரு சுக்குக்கும் சேர்ந்து, "ஏலேலோ" போட ஆரம்பித்தார்கள். அரபுப் பெண்கள் சிரித்துக்கொண்டே அதற்குக் கை தட்டினார்கள்.

மேட்டின் உச்சியில் என் கணவர் துண்டைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு நின்றார். எஞ்சின் அவரைத் தாண்டியது. முதல் வண்டி தாண்டியது. கடைசி வண்டியும் உச்சியை ஏறியதும் கனம் முழுக்க விட்டுப்போய், எஞ்சின் லேசாகத் துள்ளியது. அங்கே பனி கலைந்திருந்தது. மலைவரிசை முழுக்க வெயிலில் நின்றது. நான் விசிலை இழுத்தேன். விடவே இல்லை. வீட்டுக்கார அம்மா நாக்கைச் சுழற்றி, இங்கே கல்யாணங்களில் பெண்கள் எழுப்புவார்களே, அந்தக் குலவையைப் போட்டார். தங்கைகளும் சேர்ந்துகொண்டார்கள். விசிலா குலவையா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். நான் சிரித்தேனா அழுதேனா என்பதும் அப்படித்தான்.

வட்டம் சுற்றிக் கிணற்றடிக்கு வந்தபோது இன்னொரு கூட்டம் ஏறத் தயாராக நின்றது. தண்டவாளம் உலர்ந்த பிறகு எஞ்சினுக்கு மேடு ஒரு பொருட்டாகவே இல்லை. அன்று சாயங்காலம்வரை ஓட்டினோம். சூளையில் டைல்ஸைத் தள்ளுகிற என் ஆட்கள் ஒவ்வொருவரும் ஒரு முறை ஓட்டினார்கள். "அக்கா, ஊருக்கு வீடியோ போட்டேன். என் வீட்டுக்காரி, வேலைக்குப் போனியா, வெளையாடப் போனியான்னு கேக்குறா," என்றார் புதுக்கோட்டைக்காரர். சீஃப் ஓட்டினார். ஓட்டிவிட்டு இறங்கும்போது, "லோடு ஜாஸ்தின்னு சொன்னேன்ல, அத மறந்துடுங்க," என்றார். கண்ணூர்க்காரருக்கு அவருடைய வீடியோ போய்ச் சேர்ந்தது. மகளுக்கும் அனுப்பினேன். 'அம்மா!!!' என்று மட்டும் பதில் வந்தது. பிறகு தன் தோழிகள் எல்லோருக்கும் காட்டிவிட்டதாக ஒரு குரல் செய்தி, மூச்சு வாங்க.

வீட்டுக்கார அம்மா மட்டும் இறங்கவே மாட்டேன் என்றார். நான் பக்கத்தில் உட்கார, அவரே ரெகுலேட்டரைப் பிடித்து மூன்று சுற்று ஓட்டினார். நான்காவது சுற்றில் என்னை இறங்கச் சொல்லிவிட்டார். "கலாஸ், போதும், எனக்கு வந்துவிட்டது," என்றார். முகத்தில் கரி, அபாயா நுனியெல்லாம் மண்.

இப்போது அவருக்குச் சொந்தமாக ஓர் எஞ்சின் வேண்டுமாம். வாங்கித் தருகிறேன் என்றார்கள் அவருடைய பிள்ளைகள். வேண்டாம், நானே செய்வேன் என்று சொல்லிவிட்டார். செம்புத் தகடு வந்து இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஷெட்டில் இரண்டு மரச் சுத்திகளின் சத்தம் கேட்கிறது. அவர் தட்டுகிற வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. என் கணவர் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, எப்போது டார்ச் பிடிக்கக் கூப்பிடுவார்கள் என்று ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்.